பெருக்கல் குறி இல்லாத சிறகு

அண்ணன் வந்த வேகத்தில் ஆய்வகத்தின் கதவு சுவரில் மோதித் திரும்பியது. கையிலிருந்த தாளை அவள் மேசைமேல், நுண்ணோக்கிக்கு முன்னால் எறிந்தான்.

"படி. உன் பழைய புருஷன் என்ன எழுதியிருக்கான்னு படி."

நாற்பதைத் தாண்டிய பிறகும் வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பெயர். சின்னவள் தாளைத் தொடவில்லை. இடுக்கியில் பிடித்திருந்த வண்டை முதலில் அட்டையில் ஒட்டினாள். அது நேராக நிற்கிறதா என்று பார்த்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

"கத்தாதே அண்ணா. பக்கத்து ரூம்ல ஆளுங்க வேலை பார்க்கறாங்க."

"கேக்கட்டும். என் குடோனுக்கு சீல் வெச்சுட்டான். உள்ளே இருக்கிற கிழங்கு மொத்தத்தையும் குழி தோண்டிப் புதைக்கணுமாம். அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி நான் அறைஞ்சேன்ல, அதை இன்னும் கன்னத்துலயே வெச்சுக்கிட்டிருக்கான்."

அது உண்மைதான். விவாகரத்து முடிந்த அன்று நீதிமன்றப் படிக்கட்டில் அண்ணன் அவரை அறைந்தான். சின்னவள் அதைத் தடுக்கவும் இல்லை, அதற்காக வருத்தப்படவும் இல்லை. இரண்டையும் இரண்டு ஆண்களும் தங்கள் தங்கள் வசதிக்கு ஞாபகம் வைத்திருந்தார்கள்.

அண்ணன் விதைக் கிழங்கு வியாபாரி. ஊர் எல்லையில் அவனுக்குக் குளிர்பதனக் கிடங்கு இருந்தது. நடவுக்காலம் தொடங்கும்போது சுற்றுவட்டார விவசாயிகள் அங்கிருந்துதான் உருளைக்கிழங்கு மூட்டைகளை எடுத்துப் போவார்கள். இந்த முறை அவர்கள் வருவதற்கு முன்பே பயிர்ப் பாதுகாப்புத் துறையின் ஆய்வாளர் வந்துவிட்டார். சின்னவளோடு ஒன்பது ஆண்டுகள் குடும்பம் நடத்தியவர் அவர். கிடங்கின் விளக்கடியில் அவர் மாட்டிய பசை அட்டைகளில் அரிசியளவு நீளமுள்ள அந்துப்பூச்சிகள் சில ஒட்டிக் கிடந்தன. அவற்றைப் பார்த்துவிட்டு, இது நாட்டுக் கிழங்கு அந்து அல்ல, வெளியிலிருந்து வந்த இனம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

நாட்டுப் பூச்சி என்றால் மருந்துப் புகை போட்டுவிட்டு மூட்டைகளை விற்கலாம். வெளி இனம் என்றால் ஒரு கிழங்குகூட வெளியே போகக்கூடாது. அது போன இடத்தில் வயலும் கிடங்கும் சேர்ந்து நாசமாகும். அதனால் சட்டம் கடுமையாக இருந்தது. சரக்குக்காரர் ஏற்கவில்லை என்றால் இன்னொரு ஆய்வகத்தில் மறுபரிசோதனை கேட்கலாம். இருந்த இன்னொரு ஆய்வகம் இதுதான். இதில் சிறு அந்துப்பூச்சிகளைப் பார்ப்பவள் சின்னவள் மட்டும்தான்.

அவள் இயக்குநரிடம் போனாள். ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலமே இருந்த அந்த அம்மாள் யார் என்ன சொன்னாலும் தன் கோப்பைத் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"இதுல நான் இருக்கக்கூடாது மேடம். ஒருத்தன் என் கூடப் பிறந்தவன். இன்னொருத்தர் என்னைக் கட்டினவர்."

"ஒரு பக்கம் பாசம், ஒரு பக்கம் பகை. ரெண்டும் ஒரே திசையிலதானே இழுக்குது?"

"அதனாலதான் சொல்றேன்."

"வேற ஆள் வரவழைக்கிறதுக்குள்ள கிழங்கு முளைச்சு அழுகிடும். நீயே பாரு. நீ பார்த்ததை நானும் பார்ப்பேன். அப்புறம்தான் கையெழுத்து."

மறுநாள் காலை கிடங்கு வாசலில் ஆய்வாளர் நின்றிருந்தார். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. சீல் வைக்கும் ஈயக் குண்டுகள் ஒரு பையில் குலுங்கின.

"வாங்க மேடம். அண்ணன் வீட்டு சாப்பாடு ஆச்சா?"

"அட்டைகளைக் குடுங்க. சந்தேகப்பட்ட மூட்டையிலேருந்து கிழங்கும் வேணும்."

"கிழங்கு எதுக்கு? பூச்சிதான் இருக்கே."

"பூச்சின்னு ஒண்ணு அதுல மிச்சம் இருக்கான்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

அவர் பூட்டைத் திறந்தார். உள்ளே குளிர்ச்சியோடு புளித்த நாற்றமும் வெளியே வந்தது. அண்ணன் தூரத்தில் லாரியில் சாய்ந்து, வெற்றுச் சாக்கொன்றை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தான். சின்னவள் டார்ச் அடித்து மூட்டைகளின் ஓரத்தைப் பார்த்தாள். சில கிழங்குகளின் கண்களில் துளை. துளை வாயில் காப்பித்தூள் போலப் புழுவின் கழிவு. அவற்றைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

துளைக் கிழங்குகள் இருந்தவை அண்ணனின் வழக்கமான சாக்குகள் அல்ல. முத்திரை எதுவும் இல்லாத வெள்ளைச் சாக்குகள்.

"இது எங்க வாங்கினது?" என்று வெளியே வந்ததும் கேட்டாள்.

"எல்லாம் ஒரே இடம்தான்," என்றான் அண்ணன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஆய்வகத்துக்கு வந்து அட்டைகளை நுண்ணோக்கியில் வைத்தாள். நினைத்தது போலவே இருந்தது. அந்துப்பூச்சியின் சிறகில் நிறம் என்பது தூள் போன்ற செதில்கள்தான். விரலால் தொட்டாலே உதிர்ந்துவிடும். பசையில் விழுந்த பூச்சி துடித்துத் துடித்துச் செதிலையெல்லாம் பசைக்கே கொடுத்திருந்தது. சிறகுகள் துடைத்த கண்ணாடித் துண்டுகளாகக் கிடந்தன. ஓரங்களில் மட்டும் கொஞ்சம் பழுப்பு ஒட்டியிருந்தது. அது எந்த இனத்துக்கும் பொருந்தும்.

பிறகு அவருடைய அறிக்கையை எடுத்தாள். "சிறகு மடித்த நிலையில் பெருக்கல் குறி காணப்படவில்லை. ஆகவே நாட்டு இனம் அல்ல."

நாட்டுக் கிழங்கு அந்து சிறகை முதுகின்மேல் மடித்து உட்காரும்போது இரண்டு பக்கத்துக் கறுப்புத் திட்டுகளும் நடுவில் சேர்ந்து பெருக்கல் குறி போல நிற்கும். துறையில் புதிதாகச் சேருபவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் அடையாளம் அது. ஆனால் அந்தக் குறி பெண் பூச்சிக்குத்தான். ஆணுக்கு அங்கங்கே சில புள்ளிகள், அவ்வளவுதான்.

ஒரு பூச்சியைக் கரைப்பானில் ஊறவைத்துப் பசையிலிருந்து பிரித்தாள். பின்சிறகின் அடியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இரண்டு சிறகுகளையும் கொக்கிபோல இணைக்கும் முள்மயிர் அங்கே இருக்கும். பெண் என்றால் கற்றையாக, ஆண் என்றால் ஒற்றையாக. இதில் ஒற்றை. அடுத்ததிலும் ஒற்றை. அட்டையில் இருந்த எல்லாமே ஆண்.

பெருக்கல் குறி இருக்கவே முடியாத பூச்சிகளைப் பார்த்து, பெருக்கல் குறி இல்லை என்று எழுதிவிட்டு மனிதர் கிடங்கையே பூட்டியிருக்கிறார்.

சின்னவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். நெஞ்சு முழுக்கச் சந்தோஷம். அது பூச்சியைப் பற்றிய சந்தோஷம் அல்ல என்று அவளுக்கே தெரிந்தது. ஒரு காலத்தில் வீட்டில் எந்தப் பேச்சுக்கும் கடைசி வரி அவருடையதாகவே இருந்தது. சாம்பாரின் உப்பிலிருந்து அவளுக்குப் பிள்ளை பிறக்காததற்குக் காரணம் வரை அவர் பார்க்காமலே முடிவு எழுதினார். இதோ, இதையும் பார்க்காமலே எழுதியிருக்கிறார். கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது.

அந்த வேகத்தில் ஒரு காரியம் செய்தாள். அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அவர் எழுதின காரணம் தப்பு. அது ஆண் பூச்சி. அதை வெச்சு எதுவும் சொல்ல முடியாது."

"அப்ப ரிப்போர்ட் தப்பு."

"காரணம்தான் தப்புன்னு சொல்றேன். என்ன பூச்சின்னு இன்னும் எனக்கே தெரியாது. கிழங்கைப் பெட்டியில போட்டு வெச்சிருக்கேன், உள்ளே இருக்கிற புழு பூச்சியாகி வரட்டும். புதுசா வந்த சிறகைப் பார்த்தாத்தான்..."

"எனக்கு இது போதும்," என்று அண்ணன் வைத்துவிட்டான்.

அவனுக்கு அது எவ்வளவு போதும் என்பது அந்த வாரக் கடைசியில் தெரிந்தது. ஆய்வாளர் நேராக அவள் அறைக்கு வந்து நின்றார். இந்த முறை மேடம் போட்டுப் பேசவில்லை.

"உன் அண்ணன் சீலை அறுத்துட்டான். ஒரு லாரி சரக்கு வெளியே போயிடுச்சு. கேட்டா, ரெண்டாவது லேப்ல ரிப்போர்ட் தப்புன்னு சொல்லிட்டாங்கன்னு விவசாயிங்ககிட்ட சொல்லியிருக்கான். சொன்னது யாரு?"

"நான் முடிவு சொல்லல. நீங்க எழுதின காரணம் தப்புன்னுதான் சொன்னேன்."

"அது அவன் காதுல எப்படி விழும்னு உனக்குத் தெரியாது?"

அது சரியான கேள்வி. அதுவே அவளுக்கு அவர்மேல் இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"ஆணா பெண்ணான்னு பார்க்காம எழுதறவரு எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்."

"அது வெளியூர்ப் பூச்சி. பார்த்தவுடனே எனக்குத் தெரிஞ்சுது."

"எதைப் பார்த்து?"

"எத்தனை வருஷமா இதுல கிடக்கேன்? தெரியும்."

"தெரியும்னு அறிக்கையில எழுத முடியாதுல்ல, அதான் வாய்க்கு வந்த ஒரு காரணத்தை எழுதிட்டீங்க."

அவர் போகும்போது கதவைச் சாத்தவில்லை. வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் வேலையைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

கிழங்குகள் வலைத்துணி மூடிய பெட்டியில், மணல்மேல் இருந்தன. புழுக்கள் வெளியே வந்து மணலில் புதைந்து கூட்டுப்புழுவாகி இருந்தன. அவள் தினமும் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். நாட்டுப் பூச்சியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வதற்குக்கூட அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வேண்டிக்கொண்டாள். அப்படி இருந்தால் போன லாரியால் கேடில்லை. தன் வாயாலும் கேடில்லை.

ஒரு காலையில் வலைத்துணியின் உட்பக்கம் பூச்சிகள் உட்கார்ந்திருந்தன.

கண்ணாடிக் குப்பியில் ஒன்றைப் பிடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்தாள். குளிரில் மரத்துப்போனால் படபடக்காது, செதில் உதிராது. பிறகு எடுத்து லென்சுக்கு அடியில் வைத்தாள். வயிறு பருத்த பெண் பூச்சி. சிறகை ஒழுங்காக மடித்திருந்தது. ஒரு செதில் குறையவில்லை.

நாட்டுப் பூச்சியின் வைக்கோல் நிறம் இல்லை. நல்ல பழுப்பு. முதுகின் நடுவில் இரண்டு சிறகும் சேரும் இடத்தில் எந்தக் குறுக்குக் கோடும் இல்லை. நீளவாக்கில், அடியிலிருந்து நுனியை நோக்கி, கரிய வரிகள் ஓடின. ஆய்வகச் சேகரிப்பில் இருந்த நாட்டுப் பெண் பூச்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அது குட்டியாக, வெளிறி, முதுகில் பெருக்கல் குறியோடு கிடந்தது. ஒரு கண்ணும் பாதிப் பார்வையும் இருந்தாலே இரண்டையும் குழப்பிக்கொள்ள முடியாது.

இன்னொன்றை எடுத்தாள். அதற்கும் வரி. பெட்டியில் வந்த பெண் பூச்சிகள் எல்லாவற்றுக்கும் வரி இருந்தது.

இயக்குநர் வந்து குனிந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"வயித்து நுனியையும் அறுத்துப் பார்த்துடு. இனத்தை உறுதியா எழுதறதுக்கு அதுவும் வேணும்," என்றார். "உன் அண்ணன்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

அண்ணன் வீட்டு வரவேற்பறையில் அண்ணி தண்ணீர்கூடக் கொண்டுவரவில்லை. உள்ளறை வாசலில் கதவைப் பிடித்தபடி நின்றாள். சின்னவள் சொன்னதை அண்ணன் குறுக்கே பேசாமல் கேட்டான். முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அந்தப் பெட்டி உன்கிட்டதானே இருக்கு?"

"ஆமா."

"நம்மூர்ப் பூச்சியும் உன்கிட்ட இருக்கு."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"பெட்டியில என்ன வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? உங்க மேடம் ஒரு தடவை குனிஞ்சு பார்த்தாங்க. வயசான கண்ணு."

"அண்ணா, வேண்டாம்."

"நான் உனக்காக அவனை அடிச்சேன். எல்லாரும் பார்க்க அடிச்சேன். கேஸ் ஆகும்னு தெரிஞ்சே அடிச்சேன்."

"நான் அடிக்கச் சொல்லல."

"சொல்ல மாட்டே. நீ எதையும் சொல்ல மாட்டே. அவன்கிட்ட மிதி வாங்கினப்பவும் சொல்லல. நாங்களா வந்து தூக்கிட்டு வந்தோம்," என்றாள் அண்ணி கதவருகிலிருந்து. "இப்ப மட்டும் வாய் கிழியுது."

"அந்த வெள்ளைச் சாக்கு எங்கேருந்து வந்துச்சு அண்ணா?"

அவன் எழுந்துவிட்டான்.

"பர்மிட் இல்லாம நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கத்துலேருந்து வாங்கியிருக்கே. அதுல வந்த பூச்சி இது. அவர் பழி வாங்கவும் இல்லை, ஒண்ணும் இல்லை. நீயே கொண்டுவந்து வெச்சதுதான்."

"வெளியே போ."

"போன லாரி எந்தெந்த ஊருக்குப் போச்சுன்னு சொல்லிடு. இன்னும் நட்டிருக்க மாட்டாங்க. திரும்ப வாங்கிடலாம்."

"வெளியே போடி."

அவள் படியிறங்கும்போது அண்ணி பின்னாலேயே வந்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று சின்னவள் நின்றாள். அண்ணி வெளிக்கதவைத் தாழிடத்தான் வந்திருந்தாள்.

அறிக்கையைப் படிக்கும் கூட்டம் பயிர்ப் பாதுகாப்புத் துறை அலுவலகத்தில் நடந்தது. நீள மேசைக்கு ஒரு பக்கம் ஆய்வாளரும் அவருடைய மேலதிகாரியும், எதிரில் அண்ணனும் அவனுடைய வக்கீலும். சின்னவளும் இயக்குநரும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் முதல் பத்தியைப் படித்தாள். வளர்த்தெடுத்த பூச்சிகளின் சிறகு அடையாளத்தாலும் உடற்கூறாலும் இது வெளி இனம் என்பது உறுதியாகிறது.

ஆய்வாளர் நாற்காலியில் சாய்ந்தார். அண்ணனைப் பார்த்து, கன்னத்தை ஒரு விரலால் லேசாகத் தடவிக்கொண்டார். அண்ணன் எழப்போனான். வக்கீல் அவன் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"இன்னும் முடியல," என்றாள் சின்னவள். இரண்டாவது பத்தியைப் படித்தாள். முதல் அறிக்கைக்கு ஆதாரமானவை அனைத்தும் ஆண் பூச்சிகள், செதிலிழந்தவை. அவற்றைக் கொண்டு இனத்தைத் தீர்மானிக்க முடியாது. அதில் கூறப்பட்ட காரணம் பிழையானது.

மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"முடிவு சரிதானே?" என்றார் ஆய்வாளர். குரல் மாறியிருந்தது.

"சரி."

"அப்புறம் எதுக்கு அந்தப் பத்தி?"

"நீங்க பார்த்து எழுதல. நாளைக்கு வேற ஒருத்தர் குடோனுக்கும் இப்படித்தான் எழுதுவீங்க. அது நாட்டுப் பூச்சியா இருக்கும்."

"நான் சரியா இருந்தாக்கூட உனக்கு நான் தப்பாத்தான் இருக்கணும்."

"இந்த விஷயத்துல நீங்க சரியாவும் இருந்தீங்க, தப்பாவும் இருந்தீங்க. ரெண்டையும் எழுதியிருக்கேன்."

"மூணாவது பத்தியும் இருக்கு," என்றார் இயக்குநர். "அதையும் படிச்சிடு."

சின்னவள் படித்தாள். பரிசோதனை முடியும் முன்பே விவரத்தைச் சரக்குக்காரரிடம் தொலைபேசியில் தெரிவித்தது பரிசோதனை செய்த தன் தவறு என்றும், சரக்கு வெளியேற அதுவும் ஒரு காரணம் என்றும் அதில் இருந்தது. மேசையைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவர் முகத்திலும் இரக்கம் இல்லை. அண்ணன்தான் முதலில் பேசினான்.

"கேட்டுக்குங்க. அவ சொல்லித்தான் அறுத்தேன்."

அவனுடைய வியாபார உரிமம் முடக்கப்பட்டது. ஆய்வாளருக்கு மேலதிகாரி எழுத்தில் விளக்கம் கேட்டார். கொஞ்ச நாளில் அவர் வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். சின்னவளுக்கு ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. அதைப் பற்றி அவள் யாரிடமும் முறையிடவில்லை.

கிடங்குக்குப் பின்னால் இயந்திரம் பெரிய குழி வெட்டியது. மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டி, சுண்ணாம்பு தூவி, மண்ணால் மூடினார்கள். அண்ணன் கடைசி வரை நின்றான். சின்னவள் சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்தாள். அவன் அவளைத் தாண்டிப் போகும்போது ஒரு தாளை நீட்டினான். லாரி போன ஊர்கள் அதில் இருந்தன.

"உனக்காகக் குடுக்கல," என்றான். "அவங்களாவது பொழைக்கட்டும். இனிமே என்னை அண்ணான்னு கூப்பிடாதே."

பெரும்பாலான மூட்டைகள் திரும்பி வந்தன. சில ஊர்களில் நட்டுவிட்டிருந்தார்கள். அந்த வயல்களைச் சுற்றிப் பொறி அட்டை மாட்டும் வேலையைச் சின்னவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். முதல் வயலில் செடி முளைவிட்டிருந்தது. வேலிப் படலுக்கு உள்ளே மண்வெட்டியோடு ஒரு நடுவயதுப் பெண் நின்றாள்.

"நீங்க கிழங்குக்காரர் தங்கச்சியா?"

"ஆமா."

"தப்பில்லை, கிழங்கை நடுங்கன்னு சொன்னது நீங்கதானா?"

"நான் அப்படிச் சொல்லல," என்று ஆரம்பித்த சின்னவள் நிறுத்திக்கொண்டாள். "நான் பேசினதுனாலதான் மூட்டை வெளியே வந்துச்சு."

"அப்ப உள்ளே வராதீங்க."

"பூச்சி இருக்கான்னு பார்க்கணும். இருந்தா இப்பவே பிடுங்கிடலாம். விட்டா அடுத்த வருஷம் ஒண்ணுமே நட முடியாது."

"சொல்றதுக்கு நீங்க யாரு?"

சின்னவள் பையிலிருந்து ஒரு பொறி அட்டையை எடுத்தாள். வேலியோரமாக நடந்து, கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு, உட்பக்கத்துக் கம்பத்தில் அட்டையைக் கட்ட முயன்றாள். கம்பி மணிக்கட்டைக் கீறியது. கயிறு வழுக்கி விழுந்தது. மறுபடி எடுத்துக் கட்டினாள். அந்தப் பெண் இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உதவவும் இல்லை, அவிழ்க்கவும் இல்லை. முடிச்சு விழுந்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பாத்தியின் மறு கோடிக்கு நடந்தாள்.